கண்ணுக்கு ஏதாச்சும் சொட்டு மருந்து கொடுங்க

“அண்ணே, ரெண்டு நாளா கண்ணு செவப்பா இருக்கு. ஏதாச்சும் சொட்டு மருந்து கொடுங்க.”

முப்பது வருஷம் மருந்துக் கடைக் கல்லாவில் நின்றவன் நான். தலைவலி, சளி, வயிற்றுப்போக்குக்கு அடுத்தபடியாக என் காதில் அதிகம் விழுந்தது இந்த வார்த்தைதான். கேட்பவர் வண்டியைக்கூட அணைத்திருக்க மாட்டார். நம் கை அலமாரிக்குப் போகும். அங்கே கண் மருந்துப் புட்டிகள் வரிசையாக நிற்கும். எல்லாம் ஒரே உயரம், ஒரே வெள்ளை, ஒரே மாதிரி மூடி. அவற்றில் ஒன்று கண்ணீருக்குச் சமமான சாதுவான திரவம். பக்கத்திலேயே நிற்கும் இன்னொன்று ஆறு மாதத்தில் பார்வையைத் தின்றுவிடக் கூடியது. வாங்குகிறவருக்கு இரண்டும் ‘சொட்டு மருந்து’தான்.

கண் மருந்தை நம்மவர்கள் மதிப்பிடும் முறையிலேயே சிக்கல் இருக்கிறது. சிவப்பு போனதா, உறுத்தல் நின்றதா, அப்படியானால் நல்ல மருந்து. அடுத்த முறையும் அதையே கேட்பார்கள், பக்கத்து வீட்டுக்காரருக்கும் சொல்வார்கள். நான் பார்த்தவரை, போட்ட மறுநாளே அற்புதமாகச் சுகம் தருகிற புட்டியைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்த அத்தியாயம்.

அலமாரியில் நிற்பவை

முதல் வகை செயற்கைக் கண்ணீர். கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ் என்றோ, ஹைப்ரோமெல்லோஸ் என்றோ பெட்டியில் போட்டிருக்கும். கணினியும் கைப்பேசியும் பார்த்துப் பார்த்துக் காய்ந்துபோன கண்ணுக்கு இது ஈரம் தரும். டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்குவதில் பெரிய தப்பில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். பல நாள் பயன்படுத்தும் புட்டிகள் பலவற்றில் கிருமி வளராமலிருக்க ஒரு பாதுகாப்புப் பொருள் சேர்ப்பார்கள். பென்சால்கோனியம் குளோரைடு அதில் பிரசித்தம். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை போட்டால் பாதகமில்லை. ஆறு, எட்டு முறை மாதக் கணக்கில் போட்டால் அந்தப் பொருளே கருவிழியின் மேற்பரப்பைப் புண்ணாக்கி, வறட்சியை அதிகமாக்கும். வறட்சி அதிகமாக, இன்னும் கூடுதலாகப் போடுவார்கள். அடிக்கடி போட வேண்டியவர்கள் பாதுகாப்புப் பொருள் சேராத, ஒருமுறை உடைத்துப் போட்டுவிட்டு எறிகிற குட்டிக் குழாய்களைக் கேட்டு வாங்கலாம். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்களுக்கும் இது முக்கியம், ஏனென்றால் மென்மையான லென்ஸ் அந்தப் பொருளை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

இரண்டாவது, சிவப்பை வெளுக்கும் மருந்து. நாஃபசோலின், டெட்ராஹைட்ரோசோலின் போன்ற பெயர்கள். கல்யாண வீட்டு வீடியோவுக்கு முன்னால் இதைப் போட்டுக்கொண்ட மாப்பிள்ளைகளை எனக்குத் தெரியும். இது கண்ணின் வெள்ளைப் பகுதியில் உள்ள மெல்லிய ரத்தக் குழாய்களை இறுக்கிச் சுருக்கும். பத்து நிமிஷத்தில் கண் பளிச்சென்று ஆகிவிடும். காரணம் அலர்ஜியோ, தூசியோ, கிருமியோ, அது அப்படியே இருக்கும். மருந்தின் வேகம் இறங்கியதும் குழாய்கள் முன்னைவிட விரிந்து இன்னும் சிவக்கும். ஒருவர் இதையே நாலு மாதம் விடாமல் வாங்கினார். கடைசியில் அவர் கண் சிவந்ததற்கு வேறு காரணமே இல்லை, அந்த மருந்துதான். நிறுத்திய பிறகு சில வாரம் சிவந்தே கிடந்து, தானாகத் தெளிந்தது. கண்ணின் முன்பகுதிக் கோணம் குறுகலாக இருப்பவர்களுக்கு இந்த வகை திடீரென்று கண் அழுத்தத்தை ஏற்றிவிடவும் கூடும்.

மூன்றாவது, ஆன்டிபயாடிக். இதற்கு டாக்டர் சீட்டு வேண்டும் என்பது சட்டம், கேட்டால் கிடைப்பது நடைமுறை. மெட்ராஸ் ஐ பரவும் காலத்தில் நாளுக்கு நாற்பது புட்டி போகும். மெட்ராஸ் ஐ பெரும்பாலும் அடினோ வைரஸால் வருவது. வைரஸை ஆன்டிபயாடிக் தொடாது. பத்து நாளில் தானாகப் போகிற நோயை, மருந்து போட்டதால் போனதாக நினைத்துக்கொள்கிறோம். இதைவிட மோசம், வீட்டில் நாலு பேருக்கும் ஒரே புட்டி. அப்பா கண்ணில் போட்டு, நுனி இமையில் பட்டு, அதே நுனி பிள்ளை கண்ணுக்குப் போகும். நோயைக் குடும்பம் முழுக்கப் பங்கு வைக்க இதைவிடச் சுருக்கமான வழி இல்லை.

இன்னொரு வகை வெல்டிங் பட்டறைக்காரர்கள் தேடி வருவது. கண்ணாடி போடாமல் வெல்டிங் வைத்தால் அன்று ராத்திரி கண்ணில் மணல் அள்ளிப் போட்டது போல எரியும். ‘மரத்துப்போற மருந்து’ என்று கேட்பார்கள். புரோபராகெயின் என்பது அதன் பெயர். டாக்டர் கண்ணைச் சோதிக்கும்போது ஒரு சொட்டு விடுவதற்கானது அது. திரும்பத் திரும்பப் போட்டால் கருவிழிப் புண் ஆற விடாமல் செய்யும். வலி தெரியாததால் புண் ஆழமாவதும் தெரியாது. இதை எந்தக் கடைக்காரரும் கையில் கொடுக்கக் கூடாது, எந்தத் தொழிலாளியும் சட்டைப் பையில் வைத்திருக்கக் கூடாது.

பெயருக்குப் பின்னால் ஓர் எழுத்து

இப்போது அலமாரியின் அந்தக் கடைசிப் புட்டிக்கு வருகிறேன். ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து. கண் அறுவைக்குப் பிறகும், சில வகை உள்கண் அழற்சிக்கும் இது அருமையான மருந்து. கண்புரை ஆபரேஷன் செய்துகொண்ட எல்லா வீட்டிலும் ஒரு பாதிப் புட்டி மிச்சம் இருக்கும். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

தொழிலுக்கு வந்த மூன்றாவது வருஷம், அறுவடைக் காலம். நடுத்தர வயது அம்மா ஒருவர், நெல் தூற்றும்போது கண்ணில் ஏதோ தெறித்துவிட்டது என்று வந்தார். கண் சிவந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. ஆன்டிபயாடிக்கும் ஸ்டீராய்டும் சேர்ந்த புட்டி ஒன்றைக் கொடுத்தேன். அந்நாளில் அதுதான் ‘பவரான மருந்து’. இரண்டாம் நாள் வழியில் பார்த்தபோது, “எரிச்சலே இல்ல தம்பி, நல்லா இருக்கு” என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. எட்டாம் நாள் அவர் மகன் வந்தான். “அம்மாவுக்குக் கண்ணுல பூ விழுந்திருச்சுண்ணே.” கருவிழி நடுவில் வெள்ளையாகப் படர்ந்திருந்தது. கண்ணைக் காப்பாற்றினார்கள், பார்வையை முழுதாக மீட்க முடியவில்லை.

நடந்தது என்ன என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். உமி, சோளத்தட்டை, கரும்புத் தோகை, முள் போன்றவை கருவிழியைக் கீறினால் கூடவே பூஞ்சைக் காளானும் உள்ளே போகும். நம் தட்பவெப்பத்துக்கு அது செழித்து வளரும். மதுரை மாவட்டத்தில் 1990களில் கணக்கெடுத்தபோது, ஆண்டுக்கு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வருவதாகத் தெரிந்தது. அமெரிக்காவில் எடுத்த கணக்கைப் போலப் பத்து மடங்கு அது. கிருமி வளர்த்துப் பார்த்ததில் ஏறக்குறைய பாதிப் புண்களுக்குப் பூஞ்சைதான் காரணம். பாக்டீரியாவுக்கான ஆன்டிபயாடிக் பூஞ்சையை ஒன்றும் செய்யாது. கூட இருக்கிற ஸ்டீராய்டு, பூஞ்சையோடு சண்டை போட வேண்டிய உடம்பின் படையைத் தூங்க வைத்துவிடும். சண்டை நின்றதால் சிவப்பு குறையும், எரிச்சல் குறையும். அந்த அமைதியில் பூஞ்சை கருவிழிக்குள் இறங்கும். “நல்லா இருக்கு தம்பி” என்று அந்த அம்மா சொன்ன நாளில்தான் கண் போய்க்கொண்டிருந்தது. கண்ணில் வரும் அக்கி வைரஸுக்கும் இதே கதைதான்.

இது ஒரு வாரத்தில் நடப்பது. மாதக் கணக்கில் நடப்பது வேறு. கோடை வந்தால் கண் அரித்து அரித்துக் கசக்கும் பிள்ளைகள் உண்டு, பெரும்பாலும் ஐந்திலிருந்து பதினைந்து வயதுப் பையன்கள். ஒருமுறை டாக்டர் பத்து நாளைக்கு ஸ்டீராய்டு எழுதியிருப்பார். அரிப்பு பறந்துவிடும். அடுத்த வருஷம் டாக்டரிடம் போகாமல், பழைய அட்டைப்பெட்டியைக் கடையில் நீட்டுவார்கள். அதற்கடுத்த வருஷமும். ஸ்டீராய்டு சொட்டு மருந்து வாரக் கணக்கில் போட்டால் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் கண்ணின் உள்ளழுத்தம் ஏதோ ஓரளவு ஏறும். நூற்றில் ஐந்தாறு பேருக்கு மிக அதிகமாக ஏறும். அழுத்தம் ஏறுவது வலிக்காது. பார்வை நரம்பு சாகச் சாகப் பார்வை ஓரத்திலிருந்து போகும், நடுப்பார்வை கடைசிவரை தெளிவாக இருக்கும். பையன் கிரிக்கெட்டில் பந்தைப் பிடிக்கத் தடுமாறுகிறான் என்று தெரியும்போது பாதி நரம்பு போயிருக்கும். போனது திரும்பாது. கண்புரையும் சிறு வயதிலேயே வரும். அதையாவது அறுவை செய்து சரிப்படுத்தலாம்.

ஸ்டீராய்டு இருக்கிறதா என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு, கீழே பொடி எழுத்தில் உள்ள மருந்துப் பெயரைப் படியுங்கள். ‘சோன்’ என்று முடிந்தால் (டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன்), ‘லோன்’ என்று முடிந்தால் (பிரட்னிசோலோன், ஃப்ளூரோமெத்தலோன்), ‘பிரெட்’ என்ற துண்டு நடுவில் வந்தால் (லோட்டிபிரெட்னால், டைஃப்ளூபிரெட்னேட்) அது ஸ்டீராய்டு. பெரிய எழுத்துப் பெயரிலும் ஒரு துப்பு உண்டு. ஒரே பெயரில் இரண்டு மருந்து இருக்கும், ஒன்றின் வாலில் மட்டும் ‘டி’, ‘டிஎம்’, ‘பி’, ‘எல்பி’ என்று எழுத்து ஒட்டியிருக்கும். வால் இல்லாதது ஆன்டிபயாடிக் மட்டும். வால் உள்ளதில் பெரும்பாலும் ஸ்டீராய்டும் சேர்ந்திருக்கும். டாக்டர் வால் இல்லாததை எழுத, கடையில் இருப்பு இல்லையென்று வால் உள்ளதைக் கொடுத்துவிடுவது நான் கண்ணால் பார்த்த தவறு. “ரெண்டும் ஒண்ணுதான் சார்” என்று சொன்னால் நம்பாதீர்கள். லேபிளின் ஓரத்தில் நெட்டுக்குச் சிவப்புக் கோடு இருந்தால் அது சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து என்று அர்த்தம்.

புட்டிக்குள் இருப்பது

மருந்து சரியானதாகவே இருந்தாலும் புட்டி சரியாக இருக்க வேண்டும். நாம் விழுங்குகிற மாத்திரையில் நாலு கிருமி இருந்தால் வயிற்று அமிலம் பார்த்துக்கொள்ளும். கண்ணில் விடும் சொட்டுக்கு அப்படி ஒரு காவல்காரன் இல்லை. அதனால்தான் கண் மருந்து ஊசி மருந்தைப் போலக் கிருமியே இல்லாமல் தயாராக வேண்டும்.

அது தவறினால் என்ன ஆகும் என்பதை 2023இல் அமெரிக்கா பார்த்தது. சீட்டு இல்லாமல் விற்ற ‘எஸ்ரிகேர்’ என்ற செயற்கைக் கண்ணீரைப் போட்டவர்கள் பலருக்குச் சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற பாக்டீரியா தொற்றியது. வலிமையான ஆன்டிபயாடிக்குகளுக்கும் மசியாத ரகம் அது, அந்த நாட்டில் அதுவரை காணாத ரகமும்கூட. 18 மாநிலங்களில் 81 பேர் பாதிக்கப்பட்டார்கள். 14 பேர் பார்வை இழந்தார்கள், 4 பேருக்குக் கண்ணையே எடுக்க வேண்டியிருந்தது, 4 பேர் இறந்தார்கள். இத்தனைக்கும் அது அலமாரியின் முதல் வகை, சாதுவான வகை.

நம்மை உறுத்த வேண்டிய செய்தி, அது தயாரான இடம் சென்னையை அடுத்த குளோபல் பார்மா ஹெல்த்கேர் தொழிற்சாலை. பிப்ரவரியில் நிறுவனம் மருந்தைத் திரும்பப் பெற்றது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தினர் நேரில் வந்து ஆய்ந்து குறைகளைப் பட்டியலிட்டார்கள். தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் தாங்கள் பரிசோதித்த மாதிரிகளில் கிருமி இல்லை என்றார்கள். அந்த வாதத்துக்குள் நான் போகவில்லை. வாங்குகிறவருக்கு உதவுகிற விஷயம் வேறு. பல நாள் வைத்துப் பயன்படுத்தும் புட்டியில் போதுமான பாதுகாப்புப் பொருள் இல்லை என்பது அமெரிக்க நிர்வாகம் சொன்ன குற்றச்சாட்டுகளில் ஒன்று. முதல் வகையைப் பற்றிச் சொல்லும்போது அந்தப் பொருள் கண்ணைப் புண்ணாக்கும் என்றேன். அது இல்லாத மருந்து நல்லதுதான், ஆனால் ஒருமுறைக் குழாயிலோ, காற்றும் கிருமியும் உள்ளே திரும்பாத தனி வகை மூடியுள்ள புட்டியிலோ வர வேண்டும். சாதாரணப் பிளாஸ்டிக் புட்டியில் ‘பிரிசர்வேட்டிவ் இல்லை’ என்று போட்டிருந்தால் அது மெச்சத்தக்க விஷயமல்ல. அதே ஆண்டு அக்டோபரில் மும்பைத் தொழிற்சாலை ஒன்றில் தயாராகி அமெரிக்கப் பெருங்கடைகளின் பெயரில் விற்ற 26 கண் மருந்துகளை வாங்க வேண்டாம் என்று அந்த நிர்வாகம் மறுபடி எச்சரித்தது. உற்பத்தி நடக்கும் இடத்திலேயே பாக்டீரியா இருந்ததாம்.

தொழிற்சாலையை நாம் போய்ப் பார்க்க முடியாது. புட்டியைப் பார்க்கலாம். மூடியின் வளையம் முழுதாக இருக்க வேண்டும். தெளிவாக இருக்க வேண்டிய மருந்து கலங்கியிருந்தால், உள்ளே நூல்போல ஏதாவது மிதந்தால் திருப்பிக் கொடுங்கள். மருந்தைத் திரும்பப் பெறுவதாகச் செய்தி வந்தால் தொகுதி எண்ணைச் சரிபார்க்க வேண்டியிருக்கும், அதனால் பெட்டியைத் தூக்கிப் போடாமல் வையுங்கள்.

திறந்த புட்டிக்கு ஆயுள் ஒரு மாதம். நம் நாட்டு விதிப்படி அது லேபிளிலேயே அச்சாகியிருக்க வேண்டும், பெரும்பாலும் பூதக்கண்ணாடி வேண்டும் அளவில் இருக்கும். பெட்டியில் உள்ள காலாவதித் தேதி மூடி திறக்காத புட்டிக்கானது. திறந்த அன்றே மார்க்கர் பேனாவால் புட்டியில் தேதி எழுதிவிடுங்கள். பாதி மருந்து மிச்சம் இருக்கிறதே என்று மனசு கேட்காது. என் மனைவியே கேட்க மாட்டாள், எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் போன தீபாவளிப் புட்டி ஒன்று போன வாரம்தான் கிடைத்தது. மோட்டார் சைக்கிள் பெட்டியிலும் கார் டேஷ்போர்டிலும் வைக்கிற பழக்கத்தையும் விடுங்கள். சித்திரை வெயிலில் அது அடுப்பு.

போடும் விதம்

கை கழுவுங்கள். தலையைப் பின்னால் சாய்த்து, கீழ் இமையை விரலால் இழுத்தால் ஒரு சின்னப் பை உண்டாகும். மேலே பார்த்தபடி அந்தப் பையில் ஒரு சொட்டு. நுனி இமையிலோ முடியிலோ படக் கூடாது. கண்ணை இறுக்கிச் சிமிட்டாமல் மெதுவாக மூடி, மூக்கை ஒட்டிய ஓரத்தை ஒன்றிரண்டு நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள். மருந்து போட்ட கொஞ்ச நேரத்தில் தொண்டையில் கசப்பது அந்த ஓரத்துக் குழாய் வழியாக மூக்குக்கு இறங்குவதால்தான். இறங்கியது ரத்தத்திலும் சேரும். கண் அழுத்தத்துக்குப் போடும் டிமோலால் ஆஸ்துமாக்காரருக்கு மூச்சிரைப்பைக் கிளப்புவது இப்படித்தான்.

இரண்டு சொட்டு விட்டால் இரு மடங்கு பலன் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒரு சொட்டையே கண்ணால் முழுதாகப் பிடித்துவைக்க முடியாது, மிச்சம் கன்னத்துக்கு. இரண்டு வகை மருந்து இருந்தால் நடுவில் ஐந்து நிமிஷம் விடுங்கள். களிம்பு இருந்தால் கடைசியில்.

போடுமுன் ஒருமுறை பெயரைப் படியுங்கள். காதுக்குள் அழுக்கு கரைக்கும் மருந்தும் கண் மருந்தும் ஒரே உருவம். கண் மருந்தைக் காதில் விட்டால் பெரிதாக ஒன்றும் ஆகாது, காது மருந்தைக் கண்ணில் விட்டால் வெந்துவிடும். பெவிக்விக் மாதிரிப் பசையைக் கண்ணில் விட்டுக்கொண்டு ஓடி வந்தவர்களும் உண்டு. கண்ணாடி இல்லாமல், விளக்குப் போடாமல், ராத்திரி தடவி எடுத்ததால் வந்த வினை. அப்படி ஆனால் சுத்தமான தண்ணீரால் விடாமல் பதினைந்து நிமிஷம் கழுவிக்கொண்டு, பிறகு கிளம்புங்கள்.

சிவப்பை வெளுக்கும் மருந்தைக் குழந்தை எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். ஒன்றிரண்டு மில்லி குடித்தாலே சின்னக் குழந்தை மூச்சு மந்தப்பட்டு மயங்கிவிடும். ஐந்து மில்லிப் புட்டியில் அது சில வாய் அளவுகூட இல்லை.

தாய்ப்பால், தேன், பன்னீர், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைச் சாறு பற்றிக் கேட்பீர்கள். பாட்டி சொன்னதை மறுக்க எனக்கு ஆசை இல்லை. ஆனால் மேலே சொன்ன கிருமி நீக்கக் கணக்கு தேனுக்கும் பன்னீருக்கும் பொருந்தும். புண்பட்ட கருவிழியில் இவை எதையும் விடாதீர்கள்.

ராத்திரியே கிளம்ப வேண்டியவை

கண்ணில் வலி, வெறும் உறுத்தல் அல்ல, வலி. பார்வை மங்கல். வெளிச்சத்தைப் பார்க்க முடியாமை. கருவிழியில் வெள்ளைப் புள்ளி. விளக்கைச் சுற்றி வானவில் வளையத்தோடு தலைவலியும் வாந்தியும். உமி, முள், இரும்புத் தூள் தெறித்தது. லென்ஸ் போடுகிறவருக்குக் கண் சிவந்தது. பிறந்து ஒரு மாதம் ஆகாத குழந்தைக்குப் பீளை தள்ளுவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் மருந்துக் கடைப் பக்கம் வராதீர்கள், கண் டாக்டரிடம் போங்கள். மற்றபடி லேசான சிவப்புக்குக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்த சுத்தமான துணி, செயற்கைக் கண்ணீர், இரண்டு நாள் பொறுமை. மூன்றாம் நாளும் இருந்தால் அப்போதும் டாக்டர்தான்.

போகும்போது, இதுவரை கண்ணில் விட்ட புட்டி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், காலியான புட்டி உட்பட. “ஏதோ வெள்ளை மூடி போட்ட மருந்து, மெடிக்கல்ல கொடுத்தாங்க” என்று சொன்னால் டாக்டருக்கு ஒன்றும் விளங்காது. நான் சொன்னேனே, எல்லா மூடியும் வெள்ளைதான்.